டோம் போர்ட்டுக்குள் க்ளோஸ்-அப் லென்ஸ்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீருக்கடியில் எடுத்த அகலக்கோணப் படம் மங்கலாக வந்தால் முதல் சந்தேகம் லென்ஸின் மீதும், அடுத்த சந்தேகம் போர்ட்டின் (கேமராவை நீர்புகாமல் மூடும் ஹவுசிங் என்ற பெட்டியின் முன்கண்ணாடி) மீதும் விழுகிறது. பெரும்பாலும் இரண்டிலும் குறை இருப்பதில்லை. டோம் போர்ட்டுக்கு, அதாவது குவிமாட வடிவப் போர்ட்டுக்கு, பின்னால் இருக்கும் லென்ஸ் கடலை நேரடியாகப் பார்ப்பதில்லை. வெளியே நீர், உள்ளே காற்று என்ற நிலையில் அந்த வளைந்த கண்ணாடி ஒரு குழிலென்ஸாக மாறி, எதிரே உள்ள எல்லாவற்றின் மாய பிம்பத்தையும் தனக்கு வெகு அருகில் உருவாக்குகிறது. லென்ஸ் ஃபோகஸ் செய்ய வேண்டியது அந்த மாய பிம்பத்தின் மீது. கேமரா லென்ஸின் முன் திருகி அதை இன்னும் அருகில் ஃபோகஸ் செய்ய வைக்கும் க்ளோஸ்-அப் லென்ஸ் தேவையா, தேவையென்றால் எவ்வளவு வலிமை என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பிம்பம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அதைக் கணக்கிடாமல் ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்திப் பார்ப்பது பணத்தையும் நீருக்குள் கிடைக்கும் நேரத்தையும் வீணாக்கும்.

முதலில் ஒரு கணக்கு

வளைவு ஆரம் 10 செ.மீ. உள்ள ஒரு டோமை எடுத்துக்கொள்வோம். எல்லையில்லாத் தொலைவில் உள்ள பொருளின் மாய பிம்பம், டோமின் மேற்பரப்பிலிருந்து ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில், அதாவது 30 செ.மீ.-இல் தோன்றும். 2 மீட்டர் தள்ளி நீந்தும் முக்குளிப்பவரின் பிம்பம் 25 செ.மீ.-இல் இருக்கும். 1 மீட்டரில் இருக்கும் பவளத்துக்கு அது 21 செ.மீ., அரை மீட்டரில் உள்ள மீனுக்குச் சுமார் 17 செ.மீ., 10 செ.மீ.-இல் உள்ள நத்தைக்கு 6 செ.மீ. கண்ணுக்கு எட்டும் கடல் முழுவதும் ஒரு முழத்துக்கும் குறைந்த இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

லென்ஸ் இதை எங்கிருந்து பார்க்கிறது என்பதும் முக்கியம். லென்ஸை முன்னாலிருந்து பார்க்கும்போது அபெர்ச்சரின் துளை எந்த இடத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ, அதை நுழைவுத் துளை என்று வைத்துக்கொள்வோம். சரியாக அமைத்த ஹவுசிங்கில் அந்த நுழைவுத் துளை டோமின் வளைவு மையத்தில் இருக்கும். அங்கிருந்து அளந்தால் ஓர் ஆரத்தையும் கூட்ட வேண்டும். எனவே நம் டோமில் எல்லையின்மை என்பது லென்ஸுக்கு 40 செ.மீ. தொலைவு. மீட்டரில் அளந்த தொலைவால் 1-ஐ வகுத்தால் வருவது டையாப்டர்; அந்தக் கணக்கில் அது 2.5.

இதை ஒரே வகுத்தலாகச் சுருக்கலாம். 25 என்ற எண்ணைச் செ.மீ.-இல் அளந்த ஆரத்தால் வகுக்க வேண்டும். 10 செ.மீ. ஆரத்துக்கு 2.5, 5 செ.மீ. ஆரத்துக்கு 5, 12 செ.மீ. ஆரத்துக்கு 2-ஐவிடச் சற்றே கூடுதல். இதை டோமின் எண் என்று அழைக்கிறேன். நீங்கள் பொருத்தும் க்ளோஸ்-அப் லென்ஸின் டையாப்டர் இந்த எண்ணைத் தாண்டக் கூடாது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்த ஒரு விதியே மருந்து.

ஆரத்தை எப்படி அளப்பது? டோமின் விட்டத்தில் பாதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையில் விற்கும் டோம்களில் பல முழு அரைக்கோளங்கள் அல்ல; பெரிய கோளத்திலிருந்து வெட்டிய மேல்பகுதிகள். கண்ணாடியின் விளிம்புக்கு விளிம்பு அகலத்தையும் நடுவில் அதன் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் வரும். 17 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் இருந்தால் ஆரம் சுமார் 9.7 செ.மீ. விட்டத்தில் பாதி என்று எண்ணியிருந்தால் 8.5 என்று தவறாகக் கணக்குப் போட்டிருப்போம்.

கண்ணாடியின் தடிமன், க்ளோஸ்-அப் லென்ஸ் நுழைவுத் துளைக்குச் சற்று முன்னால் அமர்வது ஆகியவற்றால் உண்மை எண்கள் சிறிது நகரும். குறையைக் கண்டுபிடிக்க இந்தத் துல்லியம் போதும்.

நீருக்கடியில் எதிலுமே ஃபோகஸ் கிடைக்கவில்லை

நிலத்தில் நன்றாக வேலை செய்த லென்ஸ் நீரில் இறங்கியதும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஷட்டர் விழ மறுக்கிறது. லென்ஸால் மாய பிம்பம் இருக்கும் தொலைவுக்கு வர முடியவில்லை என்பதே இதன் பொருள். பழைய அகலக்கோண லென்ஸ்களில் இது அடிக்கடி நேரும்.

லென்ஸில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தொலைவு சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அல்ல. கேமராவின் மேல் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடுமாக உள்ள குறி சென்சார் இருக்கும் தளத்தைக் காட்டும். குறைந்தபட்சத் தொலைவு 50 செ.மீ. என்றும், சென்சாரிலிருந்து நுழைவுத் துளை 12 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், நுழைவுத் துளையிலிருந்து 38 செ.மீ.-ஐவிட அருகில் அந்த லென்ஸ் வராது. 10 செ.மீ. ஆர டோமில் எல்லையின்மையே 40 செ.மீ.-இல் இருக்கிறது. ஆகவே நீரில் ஐந்தரை மீட்டருக்கு அப்பால் உள்ளவை மட்டும் துல்லியமாக ஃபோகஸ் ஆகும். அங்கே ஆட்டோஃபோகஸ் பற்றிக்கொள்வதற்கு வெறும் நீல வெளிதான் இருக்கும். இதே லென்ஸில் +2 (2 டையாப்டர் வலிமையுள்ள க்ளோஸ்-அப் லென்ஸ்) பொருத்தினால் எல்லையின்மையிலிருந்து டோமுக்கு முன்னால் 25 செ.மீ. வரை எல்லாம் கைக்குள் வந்துவிடும்.

இதைச் சோதிக்க நீரே வேண்டாம். கேமராவை ஹவுசிங்கிலிருந்து வெளியே எடுத்து, டோமின் ஆரத்தை நான்கால் பெருக்கி, சென்சாருக்கும் நுழைவுத் துளைக்கும் உள்ள தூரத்தை அதோடு கூட்டுங்கள். சென்சார் குறியிலிருந்து அந்தத் தொலைவில் அச்சுத்தாள் ஒன்றை நிறுத்தி ஃபோகஸ் செய்து பாருங்கள். ஃபோகஸ் ஆனால் நீரில் எல்லையின்மை கிடைக்கும். இன்னும் அருகில் எவ்வளவு வர முடிகிறது என்பதைப் பார்த்தால், நீரில் எவ்வளவு நெருங்கலாம் என்பதும் தெரிந்துவிடும். எந்த லென்ஸை வாங்கும் முன்பும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. இன்றைய அகலக்கோண லென்ஸ்களில் பல 25 முதல் 28 செ.மீ. வரை நெருங்கும். பெரிய டோமுக்குப் பின்னால் அவற்றுக்குக் க்ளோஸ்-அப் லென்ஸ் தேவையே இல்லை. வேண்டாத இடத்தில் ஒரு கண்ணாடியைக் கூட்டுவது படத்துக்குக் கெடுதல் மட்டுமே செய்யும்.

சோதனையில் லென்ஸ் தேறிவிட்டது, நீரில் மட்டும் தடுமாறுகிறது என்றால் காரணம் ஒளியியல் அல்ல. வெளிச்சக் குறைவும் மாறுபாடு இல்லாத பரப்பும் ஆட்டோஃபோகஸை ஏமாற்றுகின்றன. ஃபோகஸ் விளக்கு ஒன்று அதைத் தீர்க்கும்.

தொலைவில் கூர்மை, அருகில் மங்கல்

இது சிறிய டோம்களின் குறை. 5 செ.மீ. ஆர டோமில் எல்லையின்மையே நுழைவுத் துளையிலிருந்து 20 செ.மீ.-க்கு வந்துவிடுகிறது. சென்சாரிலிருந்து 28 செ.மீ. வரை நெருங்கும் லென்ஸ், நுழைவுத் துளையிலிருந்து 16 செ.மீ. வரை வரும் என்று கொள்வோம். நீரில் பார்த்தால் சுமார் 55 செ.மீ.-க்கு அப்பால் உள்ளவை மட்டுமே ஃபோகஸ் ஆகும். சிறிய டோமை வாங்குவதே பவளத்தின் அருகே நெருங்கத்தான். நெருங்கியதும் லென்ஸ் கைவிட்டுவிடுகிறது.

இங்கே +2 பொருத்தினால் 55 செ.மீ. என்ற எல்லை 18 செ.மீ. ஆகக் குறையும். டோமின் எண் 5 என்பதால் எல்லையின்மையும் பறிபோகாது. க்ளோஸ்-அப் லென்ஸ் தன் மதிப்பை முழுமையாகக் காட்டும் இடம் இதுதான்.

அருகில் கூர்மை, தொலைவில் மங்கல்

முன்னால் இருக்கும் விசிறிப் பவளம் அழகாக வருகிறது. பின்னால் நீந்தும் துணை முக்குளிப்பவரும் மேலே தெரியும் சூரியனும் கலங்கிப் போகின்றனர். க்ளோஸ்-அப் லென்ஸின் வலிமை டோமின் எண்ணைத் தாண்டிவிட்டது.

10 செ.மீ. ஆர டோமுக்குப் பின்னால் +3 பொருத்தினால் லென்ஸ் எட்டக்கூடிய கடைசித் தொலைவு நீரில் 1.4 மீட்டர். +4 பொருத்தினால் அது 40 செ.மீ.-க்குச் சுருங்கிவிடும், அதற்கு அப்பால் லென்ஸை எவ்வளவு திருப்பினாலும் துல்லிய ஃபோகஸ் கிடைக்காது. அதே +4 சிறிய டோமில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும். லென்ஸையும் அதன்மேல் திருகிய +4-ஐயும் அப்படியே பெரிய டோமுக்கு மாற்றிக்கொள்பவர்கள்தான் இந்தச் சிக்கலில் அதிகம் சிக்குகிறார்கள். டோமை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

இந்தக் குறை எப்போதும் ஒரே மாதிரி தெரியாது என்பதால் கண்டுபிடிப்பது கடினம். 16–35 மி.மீ. ஜூமின் 16 மி.மீ. முனையில் துளையை எஃப்/11 வரை சிறிதாக்கினால், முழுச் சட்டச் (36×24 மி.மீ.) சென்சாரில் புல ஆழம் (கூர்மையாகத் தெரியும் தொலைவு வீச்சு) ஒரு டையாப்டருக்கும் மேற்பட்ட பிழையை மறைத்துவிடும். +3-ஆல் வரும் அரை டையாப்டர் மிகுதி அங்கே தெரியவே தெரியாது. அதே ஜூம் லென்ஸை 35 மி.மீ.-க்குத் திருப்பினால் எஃப்/11-இலும் கால் டையாப்டர் பிழையைத்தான் புல ஆழம் தாங்கும். தொலைவு உடனே கலங்கும். "அகல முனையில் நன்றாக இருக்கிறது, ஜூம் செய்தால் கெடுகிறது" என்று சொல்பவர்கள் ஜூம் லென்ஸைச் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் அகல முனையிலும் அதே பிழை இருக்கிறது. சிறிய துளை அதை மூடி வைத்திருக்கிறது. உறுதிசெய்ய, அகல முனையிலேயே எஃப்/4-க்குத் திறந்து தொலைவில் ஒரு படம் எடுங்கள். அங்கும் கலங்கினால் க்ளோஸ்-அப் லென்ஸை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோஃபோகஸும் இங்கே ஒரு துப்பு தரும். அது பெரும்பாலும் துளையை விரியத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்வதால் சிறிய துளையின் உதவி அதற்குக் கிடைக்காது. தொலைவைக் காட்டினால் லென்ஸ் எல்லையின்மை முனையில் போய் இடித்துத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் வலிமை மிகுதி.

நீரில் நன்று, மேலே வந்ததும் எல்லாம் மங்கல்

இது பிழையே அல்ல. காற்றில் டோமுக்கு லென்ஸ் வலிமை ஏறக்குறைய இல்லை. மாய பிம்பமும் இல்லை. +2 பொருத்திய லென்ஸ் காற்றில் அரை மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. படகில் நின்று எடுத்த படத்தை வைத்து ஹவுசிங்கைப் பிரிக்கத் தொடங்க வேண்டாம்.

பாதி நீர், பாதி வானம் எடுக்கும்போது மேல்பாதி கலங்குகிறது

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. நீருக்குள் உள்ள பாதி மாய பிம்பமாக 40 செ.மீ.-க்குள் நிற்கிறது, வானமும் கரையும் தங்கள் உண்மையான தொலைவிலேயே நிற்கின்றன. இரண்டையும் ஒரே ஃபோகஸுக்குள் கொண்டுவரப் புல ஆழத்தைத்தான் நம்ப வேண்டும். க்ளோஸ்-அப் லென்ஸ் அந்த நம்பிக்கையையும் கெடுத்துவிடும். அரை மீட்டருக்கு அப்பால் உள்ள காற்றுப் பாதியை லென்ஸின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடும். ஆகவே இவ்வகைப் படங்களுக்குக் க்ளோஸ்-அப் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். பெரிய டோம், மிக அகலக் கோணம், எஃப்/16, ஃபோகஸ் நீருக்குள் உள்ள பொருளின் மீது: இதுதான் வழி. டோம் பெரிதாக இருந்தால் மாய பிம்பம் தள்ளிப் போகும். இரண்டு பாதிகளுக்கும் இடையிலுள்ள பிளவு குறையும்.

கீழ்ப்பாதியை மட்டும் மூடும் அரைவட்டக் க்ளோஸ்-அப் லென்ஸ்களும் உண்டு. நீர்க்கோடு சரியாக அந்த வெட்டுவிளிம்பில் நிற்க வேண்டும். சிறு அலை வந்தாலே வெட்டு படத்தில் தெரிந்துவிடும். அசையாத நீருக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

நடுவில் கூர்மை, ஓரங்களில் மங்கல்

அதிகமாகக் கேட்கப்படும் குறை இது. தவறான மருந்து அதிகமாகக் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

முதல் காரணம் மாய பிம்பத்தின் வடிவம். டோம் உருவாக்கும் பிம்பம் தட்டையான தளம் அல்ல, டோமைப்போலவே வளைந்தது. நடுவில் உள்ளதைவிட ஓரங்களில் உள்ளவை லென்ஸின் தளத்துக்கு அருகில் வந்து நிற்கின்றன. நேர்கோடுகளை நேராகவே காட்டும் சாதாரண அகலக்கோண லென்ஸ் தட்டையான பொருளை எதிர்பார்ப்பதால், நடுவில் ஃபோகஸ் செய்தால் ஓரம் தவறிப்போகும். டோம் சிறியதாக ஆக வளைவு கூடும், குறையும் கூடும். நேர்கோடுகளை வளைத்துக் காட்டும் மிக அகலமான ஃபிஷ்ஐ லென்ஸ் இந்த வளைவை எளிதாகத் தாங்கிக்கொள்கிறது. சிறிய டோமுக்குப் பின்னால் ஃபிஷ்ஐ நன்றாக வருவதும் அதே டோமில் 16–35 தடுமாறுவதும் இதனால்தான்.

இதற்கு முதல் மருந்து துளையைச் சிறிதாக்குவது. ஒரே காட்சியை எஃப்/5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். எஃப்/11-இல் ஓரம் தேறிவிட்டால் உங்கள் அமைப்பில் தவறு எதுவும் இல்லை. அது அந்த டோமின் இயல்பு. ஓரங்களில் வெறும் நீர் மட்டும் வரும்படி காட்சியை அமைத்துக்கொள்வதும் நல்ல மருந்துதான்.

எஃப்/16-இலும் தேறாவிட்டால் இரண்டாவது காரணத்தைப் பார்க்க வேண்டும். நுழைவுத் துளை வளைவு மையத்தில் இல்லை. அதாவது ஹவுசிங்குக்கும் டோமுக்கும் இடையே வரும் எக்ஸ்டென்ஷன் ரிங்கின் நீளம் தவறு. அமைதியான நீர்த்தொட்டியில் டோமைப் பாதி மூழ்கும்படி வைத்து, நீர்மட்டத்தைக் கடந்து செங்குத்தாக நிற்கும் கம்பி ஒன்றைச் சட்டத்தின் ஓரத்தில் வரும்படி பாருங்கள். நுழைவுத் துளை சரியான இடத்தில் இருந்தால் கம்பி நீர்மட்டத்தில் ஒடியாமல் நேராகத் தொடரும். நீருக்குள் உள்ள பகுதி பெரிதாகி வெளிநோக்கித் தள்ளினால் லென்ஸ் டோமுக்கு மிக அருகில் இருக்கிறது. நீளமான ரிங் வேண்டும். சிறிதாகி உள்நோக்கி இழுத்தால் லென்ஸ் மிகப் பின்னால் இருக்கிறது; ரிங் குட்டையாக வேண்டும். க்ளோஸ்-அப் லென்ஸைப் பொருத்தியதால் ரிங்கை மாற்ற வேண்டுமா என்ற ஐயம் பலருக்கு வருகிறது. நுழைவுத் துளைக்கு 3 செ.மீ. முன்னால் அமரும் +2, அத்துளையின் தோற்ற இடத்தை 2 மி.மீ. அளவுக்கே நகர்த்தும். மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, க்ளோஸ்-அப் லென்ஸே. அதைக் கழற்றிவிட்டு, லென்ஸ் எட்டும் தொலைவில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஓரம் தெளிந்தால் குற்றவாளி அதுதான்.

க்ளோஸ்-அப் பொருத்தினால் ஓரங்கள் சீராகும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. நம் 10 செ.மீ. டோமில் எல்லையின்மைக்கு 2.5 டையாப்டர் தேவை. +2 பொருத்தினால் லென்ஸ் தானாக ஈடுகட்ட வேண்டியது அரை டையாப்டர்தான். அதாவது 40 செ.மீ.-க்குப் பதிலாக 2 மீட்டர் நிலையில் அது வேலை செய்கிறது. அண்மையில் ஓரத் தரம் இழக்கும் பழைய வடிவமைப்புகளுக்கு இது நன்மை. அண்மைக்காக உள்ளே தனிக் கண்ணாடித் தொகுதியை நகர்த்திக்கொள்ளும் புதிய லென்ஸ்களுக்கு இதனால் பயனில்லை. டோமின் வளைவையும் +2 நீக்குவதில்லை. வளைவை நீக்கவென்றே வடிவமைத்த திருத்த லென்ஸ்கள் வேறு. சீ அண்ட் சீ நிறுவனத்தின் இன்டர்னல் கரெக்‌ஷன் லென்ஸ் அந்த வகை. ஃபில்டர் மரையில் திருகுவதால் பார்ப்பதற்குக் க்ளோஸ்-அப் லென்ஸ் போலவே இருக்கும், வேலை வேறு. ஓரம்தான் உங்கள் கவலை என்றால் +2-ஐ விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

விளிம்புகளில் ஊதாவும் பச்சையும்

ஒற்றைக் கண்ணாடியால் ஆன க்ளோஸ்-அப் லென்ஸ் வண்ணங்களைத் தனித்தனி இடங்களில் குவிக்கும். ஓரங்களில், மாறுபாடு மிகுந்த கோடுகளில் அது நிறக்கரையாகத் தெரியும். இரண்டு வகைக் கண்ணாடிகளை இணைத்துச் செய்யும் அக்ரோமேட்டிக் லென்ஸ் இதைக் குறைக்கிறது. கேனான் 500டி அப்படிப்பட்டது. அதன் வலிமை 2 டையாப்டர். நிக்கானின் 5டி (5T) 1.5, 6டி (6T) 2.9.

ஆனால் அக்ரோமேட் தடிமனானது. அகலக்கோண லென்ஸின் முன் தடிமனான வளையம் என்றால் மூலைகள் கறுக்கும். நிக்கானின் அந்த இரண்டும் 62 மி.மீ. மரை கொண்டவை, 77 மி.மீ. முன்வாய் உள்ள ஜூமில் அவற்றைப் பொருத்த முயல்வது வீண். +1, +2 வரை, எஃப்/8-க்குக் கீழே திறக்காமல் எடுப்பதாக இருந்தால், பூச்சு நன்றாக உள்ள ஒற்றைக் கண்ணாடியே போதும் என்பது என் கருத்து. +3, +4 என்று போனால் அக்ரோமேட் வேண்டும்.

டோமுக்குப் பதிலாகத் தட்டைப் போர்ட்டில் அகலக்கோண லென்ஸைப் பொருத்தியிருந்தால் நிறக்கரைக்குக் காரணம் போர்ட்டேதான். எந்தக் க்ளோஸ்-அப் லென்ஸாலும் அது தீராது. தட்டைக் கண்ணாடி வழியாக நீரில் 97 டிகிரிக்கு மேல் பார்ப்பது இயற்பியலால் இயலாது. 28 மி.மீ. லென்ஸின் 75 டிகிரிக் கோணம் அங்கே சுமார் 54 டிகிரியாகச் சுருங்கும்.

மூலைகள் கறுக்கின்றன

ஜூமின் அகல முனையில் மட்டும் கறுத்தால் வளையத்தின் தடிமன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு க்ளோஸ்-அப் லென்ஸ்கள் இருந்தால் அதுவேதான். 18 அல்லது 20 மி.மீ.-க்கு ஜூம் செய்து பாருங்கள், மறைந்துவிடும். க்ளோஸ்-அப் இல்லாமலும் கறுத்தால் டோமின் நிழல்தடுப்பு இதழ்கள் திரும்பியிருக்கலாம், அல்லது ரிங் நீளமாக இருக்கலாம். லென்ஸின் சொந்த நிழல்தடுப்பைக் கழற்ற மறந்து ஹவுசிங்கில் வைத்துவிடுவதும் நடக்கும்.

இன்னொன்றையும் மூடுமுன் பார்த்துவிடுங்கள். சில லென்ஸ்கள் ஃபோகஸ் செய்யும்போதோ ஜூம் செய்யும்போதோ முன்னால் நீளும். க்ளோஸ்-அப் லென்ஸின் வளையமும் சேர்ந்தால் டோமின் உட்புறத்தில் உரசக்கூடும். அக்ரிலிக் டோமின் உள்ளே விழும் கீறலை நீர் மறைக்காது. வெளியே விழும் கீறலை நீர் ஓரளவு நிரப்பி மறைத்துவிடும்; உள்ளே இருப்பது காற்று.

படத்தின் நடுவே எழுத்துகள், வெளிர் வளையங்கள்

சூரியனை நோக்கி எடுக்கும்போது படத்தில் மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், லென்ஸின் அல்லது க்ளோஸ்-அப் லென்ஸின் முன்வளையத்தில் வெள்ளையாக அச்சிட்ட பெயர் டோமின் உட்புறத்தில் பிரதிபலிக்கிறது. பளபளப்பில்லாத கறுப்பு நாடாவால் அதை மூடிவிடுங்கள். வெளிர் வளையங்கள் என்றால் கூடுதலாக வந்த இரண்டு கண்ணாடிப் பரப்புகளின் வேலை. பூச்சு இல்லாத மலிவான க்ளோஸ்-அப் லென்ஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புள்ளிகளும் மூட்டமும்

எஃப்/16-இல், அதுவும் க்ளோஸ்-அப் லென்ஸ் பொருத்தியிருக்கும்போது, டோமின் மேலுள்ள தூசி ஏறக்குறைய ஃபோகஸுக்குள் வந்துவிடுகிறது. முன்பு தெரியாத புள்ளிகள் தெரிவது அதனால்தான். நடுவில் மட்டும் மூட்டம் என்றால், லென்ஸுக்கும் க்ளோஸ்-அப் லென்ஸுக்கும் இடையே ஈரக்காற்று அடைபட்டிருக்கிறது. ஈரமில்லாத அறையில் பொருத்துங்கள்.

நெருங்கினால் பொருள் இருட்டாகிறது

ஃபோகஸ் சரி, ஒளி இல்லை. 20 செ.மீ. அகல டோமுக்கு முன்னால் 10 செ.மீ.-இல் ஒரு சிறு உயிர் இருந்தால், ஸ்ட்ரோபின் (நீருக்கடி ஃப்ளாஷின்) ஒளி அங்கே போய்ச் சேர டோமே தடையாக நிற்கும். ஸ்ட்ரோப்களை டோமின் விளிம்போடு ஒட்டி உள்ளே இழுத்து, சற்றுப் பின்னால் வையுங்கள். அப்போதும் நடுவில் நிழல் விழுந்தால் அந்தப் படத்துக்குச் சிறிய டோம்தான் சரியான கருவி. க்ளோஸ்-அப் லென்ஸ் ஃபோகஸை நெருக்கிவிடும், ஒளியை நெருக்காது.

லென்ஸில் மரையே இல்லை

ஃபிஷ்ஐ லென்ஸ்களிலும், நிக்கான் 14–24 போன்று முன்கண்ணாடி புடைத்த லென்ஸ்களிலும் க்ளோஸ்-அப் லென்ஸைத் திருக இடமில்லை. ஃபிஷ்ஐக்குப் பெரும்பாலும் தேவையும் இல்லை. டோக்கினா 10–17 ஃபிஷ்ஐ சென்சாரிலிருந்து 14 செ.மீ. வரை நெருங்கும், சிறிய டோமின் மேற்பரப்பை ஏறக்குறையத் தொடும் பொருள்கூட அதற்கு எட்டும். பொருள் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஃபிஷ்ஐக்குப் பின்னால் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் பொருத்துவது நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் வழி. குறைந்தபட்ச ஃபோகஸ் தொலைவு மாறாமல் பொருள் மட்டும் பெரிதாகும். ஒளி ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையும், ரிங்கும் நீள வேண்டும்.

மேக்ரோ பழக்கத்தில் சிலர் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் ட்யூபைச் செருகிப் பார்க்கிறார்கள். 16 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 12 மி.மீ. ட்யூப் செருகினால், ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸின் முன்குவியத்திலிருந்து 21 மி.மீ. தொலைவுக்கு வந்துவிடும். அகலக்கோண லென்ஸில் அந்த இடம் பெரும்பாலும் லென்ஸின் உடலுக்குள்ளேயே இருக்கும். டோமுக்கு வெளியே இருக்கும் எதுவும் அதற்கு எட்டாது. 14–24 போன்ற லென்ஸைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், ஆரம் மிகுந்த டோமைத் தேடுங்கள். டோமின் எண் குறையக் குறைய லென்ஸ் நெருங்க வேண்டிய தேவையும் குறையும்.